அலங்கம் என்றால் அலங்காரமா?

சென்ற இதழில் தெருப் பெயர்களைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதிவிட்டேன், அவ்வளவுதான். தஞ்சாவூரிலிருந்து தரங்கம்பாடி வரை கடிதம், வாட்ஸ்அப், போதாக்குறைக்கு பஸ்ஸில் பார்த்தவர்கள்கூடப் பிடித்து நிறுத்தி எங்கள் தெருவுக்கு ஏன் சார் இந்தப் பெயர் என்று கேட்கிறார்கள். இந்த முறை பக்கம் முழுக்க அதுவேதான். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

மேல அலங்கத்தில் குடியிருக்கிறோம். மகளை 'எங்கள் தெருவின் கதை' என்று ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள் பள்ளிக்கூடத்தில். ராஜா ஊர்வலம் கிளம்பும்போது யானைக்கு அலங்காரம் செய்த இடம், அதனால்தான் அலங்கம் என்று மாமியார் சொல்கிறார். எழுதலாமா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

மாமியாரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் நோட்டில் அதை எழுதவும் வேண்டாம். அலங்கம் என்றால் கோட்டை மதில், கொத்தளம். உங்கள் ஊரில் மேல அலங்கம் மட்டும் இல்லையே, கீழ அலங்கம், வடக்கு அலங்கம், தெற்கு அலங்கம் என்று நாலும் இருக்கின்றன. ஒரு தாளை எடுத்து நாலையும் பென்சிலால் இணைக்கச் சொல்லுங்கள் மகளை. நாயக்கர் காலத்துக் கோட்டை மதில் போன வழி அப்படியே வந்துவிடும், அதற்குள்ளே கீழ ராஜவீதி, மேல ராஜவீதி, தெற்கு வீதி, வடக்கு வீதி, நடுவில் அரண்மனை. ஊரின் நாலு பக்கமும் நின்றுகொண்டா யானைக்குப் பொட்டு வைத்திருப்பார்கள்?

மதில் பெரும்பாலும் போய்விட்டது, பெயர் போகவில்லை. கீழவாசலில் இன்று வாசலும் இல்லை, கதவும் இல்லை, மீன் மார்க்கெட்டும் ஷேர் ஆட்டோவும்தான். ஆனாலும் 'கீழவாசல் ஒண்ணு' என்று டிக்கெட் கேட்கிறவர் ஒவ்வொருவரும் தனக்குத் தெரியாமலேயே ஒரு கோட்டைக்குள் நுழைந்துகொண்டிருக்கிறார். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் பீரங்கி மேடு. இது அபூர்வம், ஏனென்றால் பெயருக்குக் காரணமான பொருள் இன்னும் மேட்டின் மேலேயே கிடக்கிறது: ரகுநாத நாயக்கர் காலத்து இரும்புப் பீரங்கி, சுமார் 25 அடி நீளம், வார்ப்பு இல்லை, இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி அடித்து ஒட்டிச் செய்தது. ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் மகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். பக்கத்தில் நின்று கையால் தடவிப் பார்த்தால் பட்டைகளின் பூட்டு விரலில் தட்டும். ஒரு பக்கம் என்ன, நாலு பக்கம் எழுதுவாள்.

கல்யாணமாகி வந்த ஊரில் எங்கள் வீடு கீழத்தெருவில் இருக்கிறது. சென்னையில் தோழிகளிடம் சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். கீழ் என்றால் மட்டம் என்ற பொருளில்தான் வைத்தார்களா?
— நீடாமங்கலம் பக்கத்திலிருந்து

தோழிகளை ஒருமுறை ஆடிப்பெருக்குக்குக் கூப்பிடுங்கள், ஆற்றங்கரையில் நிறுத்தித் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தமிழில் மேற்கு என்பதே மேல், கிழக்கு என்பதே கீழ். மேற்கே மலை, கிழக்கே கடல், நிலம் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் சரிகிறது. மற்ற ஊர்க்காரர்கள் இதை அகராதியில் படிக்க வேண்டும், நமக்கு வயலே சொல்லிக்கொடுத்துவிடும். கல்லணையில் திறந்த தண்ணீர் மேலத்தெருக்காரன் வயலைத் தொட்டுவிட்டுத்தான் கீழத்தெருக்காரன் வயலுக்கு வரும், கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் குறுவைக்கு நாற்று விடுவதா வேண்டாமா என்று ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். திருவாரூர், நாகைப் பக்கத்தைக் கீழத்தஞ்சை என்கிறோமே, அது தாழ்ந்த தஞ்சை என்றா அர்த்தம்? கீழத்தெரு என்றால் கிழக்குத் தெரு, அவ்வளவுதான். அந்தத் திசையில் யாரைக் குடிவைத்தார்கள், யாரைக் கோயில் வாசல் வரைக்கும் விட்டார்கள் என்பது வேறு கதை, அதற்குத் திசையைக் குற்றம் சொல்ல முடியாது.

கும்பகோணத்தில் டபீர் தெரு இருக்கிறதே, கபீர்தாசர் வந்து தங்கிய இடம் என்கிறார் எங்கள் வீட்டுக்காரர். உண்மையா?
— வாசகர், பாபநாசம்

க ஒன்றும் ட ஆகவில்லை. டபீர் என்பது ஆள் பெயரே இல்லை, பதவி. பாரசீகத்தில் எழுத்தர், செயலாளர் என்று பொருள், மராட்டிய அரசில் அது பெரிய மந்திரி உத்தியோகம், வெளிநாட்டு விவகாரம் பார்க்கிறவர். தஞ்சாவூரை மராட்டியர் ஆண்டபோது அந்தப் பதவியும் கூடவே வந்தது. தஞ்சாவூரில் டபீர் குளம் ரோடு, கும்பகோணத்தில் டபீர் தெரு, இரண்டும் அந்த உத்தியோகத்தின் நிழல். மானோஜியப்பா வீதியும் அதே மராட்டிய வாடைதான். கலெக்டர் ஆபீஸ் ரோடு என்று இன்றைக்குச் சொல்கிறோம் இல்லையா, இன்னும் முந்நூறு வருஷம் கழித்துக் கலெக்டர் என்ற பதவி ஒழிந்துபோய் யாரோ ஒரு பேரன் 'கலெக்டர் என்று ஒரு மகான் இருந்தார்' என்று சொன்னாலும் சொல்வான்.

மிராசுதார், தாசில்தார், கச்சேரி என்று நாம் வாய் நிறையச் சொல்கிற பாதிச் சொற்கள் இந்த வழியாக வந்தவை. அவற்றுக்குப் பொருள் தெரியும் என்பதால் கதை கட்டுவதில்லை, டபீருக்குத் தெரியவில்லை என்பதால் கபீரைக் கூப்பிடுகிறோம்.

திருவாரூர் பனகல் ரோட்டில் முன்னே பானகம் விற்றார்களாமே?
— கல்லூரி மாணவர், திருவாரூர்

பங்குனி உத்திரத்துக்கு விற்றிருப்பார்கள், பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை தம்பி. பனகல் அரசர் 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர், நீதிக்கட்சிக்காரர். சென்னையில் பனகல் பார்க் அவர் பெயர்தான்.

ராஜராஜ சோழன் காலத்தில் தெருக்களுக்குப் பெயர் உண்டா? வீட்டு நம்பர் உண்டா? இல்லை, எல்லாம் வெள்ளைக்காரன் கொடுத்ததா?
— ஓய்வுபெற்ற தபால்காரர், திருவையாறு

தபால்காரர் கேட்கிற கேள்வி என்பதால் இடம் அதிகம் எடுத்துக்கொள்கிறேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உண்டு. இரண்டுமே உண்டு. பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டி வைத்த கல்வெட்டுகளில் ஒன்று, சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து 400 ஆடல் மகளிரைத் தஞ்சாவூருக்கு வரவழைத்துக் குடியேற்றிய செய்தியைச் சொல்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் என்று அவர்களுக்குப் பெயர். தளி என்றால் கோயில். தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி என்று அவர்கள் குடியிருப்பு பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு சிறகு, தென்சிறகு, வடசிறகு. தெருவின் இரண்டு பக்க வரிசைக்குச் சிறகு என்று பெயர் வைத்தவன் நிச்சயம் தெருவை மேலே இருந்து பார்ப்பதுபோலக் கற்பனை செய்தவனாகத்தான் இருக்க வேண்டும், நடுவில் பறவையின் உடம்பு மாதிரி பாதை, இரண்டு பக்கமும் வீடுகள். அப்புறம் வீடு: தலைவீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று வரிசையாக எண். அதற்குப் பிறகு எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், அவள் பெயர், அவளுக்கு ஒரு பங்கு. பங்கு என்றால் வருஷத்துக்கு 100 கலம் நெல்.

இதை உங்கள் உத்தியோகக் கண்ணோடு பாருங்கள் ஐயா. சேரி, சிறகு, வீட்டு எண், பெயர். 400 பேரில் யாருக்குக் கடிதம் வந்தாலும் நேராக வாசலில் போய்க் கொடுத்துவிடலாம், 'பழைய ரைஸ்மில் எதிரில், பச்சை கேட்' என்று போன் போட்டுக் கேட்க வேண்டாம். 1010-இல் குடமுழுக்குக் கண்ட கோயில், ஆயிரம் வருஷமாகிறது, இன்றைக்கு என் வீட்டு எண் பழையது 14, புதியது 31, வரி ரசீதில் 31-ஏ.

சிறகு என்ற சொல் அத்தோடு செத்துவிடவில்லை. நம் பக்கத்துப் பழைய வீட்டுப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள், 'மேற்படி தெரு வடசிறகில் உள்ள மனை' என்று இருக்கும். பத்திரம் எழுதுகிறவர்கள் ராஜராஜனிடமிருந்து நேராகக் காப்பி அடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அதே கோயில் கல்வெட்டுகளில் ஊர்த் தெருக்கள் பலவற்றின் பெயரும் இருக்கிறது. சாலியத் தெரு, வில்லிகள் தெரு, மடைப்பள்ளித் தெரு, ஆனையாட்கள் தெரு, காந்தர்வத் தெரு. நெசவாளர், வில்வீரர், சமையல்காரர், யானைக்காரர், பாடகர் என்று படித்த உடனே புரிந்துவிடுகிறது. இன்னொரு பக்கம் நித்தவினோதப் பெருந்தெரு, மும்முடிச்சோழப் பெருந்தெரு, வீரசோழப் பெருந்தெரு என்று பெருந்தெருக்கள், பெரும்பாலும் ராஜாவின் பட்டப்பெயர்கள். திரிபுவனமாதேவிப் பேரங்காடி என்று ராணி பெயரில் கடைத்தெருவும் இருந்திருக்கிறது. தலைவர் பெயரை மெயின் ரோட்டுக்கும் மார்க்கெட்டுக்கும் வைப்பது நேற்று ஆரம்பித்த வழக்கமில்லை என்பது தெரிகிறதல்லவா. இவற்றில் ஒன்றாவது இன்றைய தஞ்சாவூரில் பலகையாக நிற்கிறதா என்றால் இல்லை. ஆனால் மடைப்பள்ளி என்ற சொல் ஒவ்வொரு கோயிலிலும் நெய் வாசனையோடு உயிரோடு இருக்கிறது, நித்தவினோதனைத்தான் கல்லில் தேட வேண்டியிருக்கிறது.

தஞ்சாவூர் புது ஆறு எப்போது புதுசு? என் தாத்தாவே அதில் நீச்சல் கற்றுக்கொண்டவர்.
— வாசகர், ஒரத்தநாடு

மேட்டூர் அணையோடு வந்தது, 1934. சர்க்கார் பெயர் கல்லணைக் கால்வாய். பெரிய கோயிலை ஒட்டிப் போய்ப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் வரைக்கும் மானாவாரி நிலத்தையெல்லாம் நனைக்க வெட்டியது. ஊருக்கு வடக்கே வடவாறு ஏற்கனவே இருந்தது, தெற்கே திடீரென்று ஓர் ஆறு, ஜனங்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? தொண்ணூறு வயதானாலும் அது புது ஆறுதான், வீட்டுக்கு வந்து நாற்பது வருஷமான மருமகளைப் பெரியவர்கள் இன்னும் புதுப்பெண் என்று கூப்பிடுகிற மாதிரி. ஸ்டேஷனிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வரும்போது அதன்மேல் ஏறுகிற பாலம் இர்வின் பாலம், 1926 முதல் 1931 வரை வைஸ்ராயாக இருந்த இர்வின் பிரபு பெயர். காந்திஜி ரோட்டில் இர்வின் பாலம்! இரண்டு பேரும் 1931-இல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள், தஞ்சாவூரில் இன்னும் பிரியவில்லை.

தண்ணீர்ப் பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது, சேவப்பநாயக்கன்வாரியைச் சிலர் 'வாரி வழங்கிய நாயக்கர்' என்று விளக்குகிறார்கள். வாரி என்றால் மழைத் தண்ணீர் ஓடி வரும் வழி. முதல் தஞ்சை நாயக்கரான சேவப்பர் பெயரில் ஏரி, அந்த ஏரிக்குத் தண்ணீர் வரத்து. அங்கிருந்து சிவகங்கைக் குளம், அதிலிருந்து மண்ணுக்கடியில் குழாய்வழி அய்யன்குளம், சாமந்தான் குளம் என்று ஊருக்குள் தண்ணீர் தானாகவே இறங்கி வந்திருக்கிறது. வரத்து வழியில் வீடு கட்டிவிட்டு வழங்கிய வள்ளலைக் கொண்டாடுகிறோம்.

மானம்புச்சாவடி சரியா, மகர்நோன்புச்சாவடி சரியா? பலகையில் ஒன்று, வாயில் ஒன்று.
— சங்கீத ரசிகர், தஞ்சாவூர்

எனக்குப் பிடித்த பெயர் இது. தியாகராஜரின் சீடர் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர் பெயரில் ஒட்டிக்கொண்டு கச்சேரி மேடை வரைக்கும் போய்விட்டது. மான் மேல் அம்பு விட்ட சாவடி என்று ஒரு கதை உண்டு, கேட்க அழகாக இருக்கும், அதனாலேயே நான் நம்புவதில்லை. நவராத்திரி முடிந்து விஜயதசமியன்று சுவாமி புறப்பட்டுப் போய் அம்பு போடுகிற விழாவுக்கு மகர்நோன்பு என்று பெயர், செட்டிநாட்டுப் பக்கம் மகர்நோன்புப் பொட்டல் என்று திடலே உண்டு. அந்த விழா நடக்கும் சாவடி மகர்நோன்புச்சாவடி, வேகமாகச் சொன்னால் மானம்புச்சாவடி. ஆக அம்பு உண்மை, மான்தான் கற்பனை.

சரி, பலகைதான் சுத்தம் என்று முடித்துவிடலாமா? முடியாது. மகர்நோன்பே மகாநவமி என்ற வடசொல் நம் காதில் விழுந்து நோன்பாகத் திரும்பியதுதான். அதில் மகரமும் இல்லை, ஆரம்பத்தில் நோன்பும் இல்லை. திருத்தமான வடிவம் என்று பெயிண்ட் அடித்து வைத்திருப்பதும் ஒரு பழைய வாய்த்திரிபு, அது முந்தியது, இது பிந்தியது, அவ்வளவுதான் வித்தியாசம். எனவே இரண்டும் சரி. கச்சேரி நோட்டீஸில் மானம்பு, தபாலில் மகர்நோன்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்தில் கோணல் எங்கே இருக்கிறது?
— வாசகி, மன்னார்குடி

கோணலே இல்லை, மூக்குதான் இருக்கிறது. தேவாரத்தில் இந்த ஊர் குடமூக்கு. குடத்தின் மூக்கு. அதை யாரோ ஒருவர் வடமொழியில் பெயர்த்து, குடத்துக்குக் கும்பம், மூக்குக்கு கோணா என்று போட, பிறகு நாம் அதைத் தமிழ்க் கோணமாக எடுத்துக்கொண்டோம். மறைக்காடு வேதாரண்யம் ஆனதும், மயிலாடுதுறை மாயூரம் ஆகி மாயவரம் ஆகி 1982-இல் திரும்ப மயிலாடுதுறையே ஆனதும் இதே வகைதான். மாயவரத்துக்காரர்கள் மட்டும் இன்னும் மாயவரம் என்றுதான் சொல்கிறார்கள், நானும்தான்.

கும்பகோணம் போர்ட்டர் டவுன் ஹால் ரயில்வே போர்ட்டர்கள் சங்கம் கட்டியதா? நண்பர்களுக்குள் பந்தயம்.
— நாச்சியார்கோவில் நண்பர்கள்

சங்கம் என்று பந்தயம் கட்டியவர் காபி வாங்கிக் கொடுக்கட்டும், டிகிரி காபியாகவே. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 19-ஆம் நூற்றாண்டில் முதல்வராக இருந்தவர் போர்ட்டர். அவர் நினைவில் நிற்கிறது அந்த மண்டபம். தென்னாட்டின் கேம்பிரிட்ஜ் என்று அந்தக் கல்லூரியைப் பெருமையாகச் சொல்வார்கள். பின்னாளில் ஊர் பெருமைப்படப்போகிற பையன் ஒருவனுக்கு அங்கே கணக்கைத் தவிர வேறு எதுவும் ஏறவில்லை, உதவித்தொகை பறிபோயிற்று. அவன் வளர்ந்த வீடு சாரங்கபாணி சன்னதித் தெருவில் இருக்கிறது. இராமானுஜன்தான்.

தரங்கம்பாடி என்றால் பாடும் அலைகள் என்று சுற்றுலாப் பலகையில் போட்டிருக்கிறது. அங்கே ராஜவீதி இருக்கிறதே, எந்த ராஜா?
— வாசகர், சீர்காழி

டென்மார்க் ராஜா. ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620-இல் டேனியர்கள் வந்து கோட்டை கட்டினார்கள் (மேலே பீரங்கிக்குச் சொந்தக்காரராக வந்தாரே, அதே நாயக்கர்). கோட்டைக்குப் போகிற தெருவுக்குத் தங்கள் மொழியில் ராஜாவின் தெரு என்று பெயர் வைத்தார்கள். 1845-இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனபோது அது கிங் ஸ்ட்ரீட் ஆனது, நாம் ராஜவீதி என்கிறோம். மொழி மூன்று மாறிவிட்டது, தெரு அங்கேயேதான் இருக்கிறது, ஒரு முனையில் 1792-இல் கட்டிய ஊர் வாசல், மறுமுனையில் கடல் காற்று. தஞ்சாவூர்க் கீழவாசல் போல இல்லை, இங்கே வாசல் நிஜமாகவே நிற்கிறது, அதன் வழியாக மோட்டார் சைக்கிள் போகிறது.

அலைகள் விஷயம்: தரங்கம் என்றால் அலை, அதில் தப்பில்லை. ஆனால் அங்கே கடல் தின்று மிச்சம் வைத்திருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலின் 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கக் கல்வெட்டில் ஊர் சடங்கன்பாடி. பாடி என்றால் குடியிருப்பு, பாட்டு இல்லை. சடங்கன் தரங்கம் ஆகி, பாடி பாட ஆரம்பித்தது பிற்பாடுதான். ஆனால் ஒன்று, சாயங்காலம் அந்தக் கோயில் பக்கம் பாறாங்கல்லில் உட்கார்ந்து அலைச்சத்தம் கேட்டவர்களிடம் போய்ச் சடங்கன் என்று வாதாட எனக்கே மனசு வராது.

திருவையாற்றில் தியாகராஜர் வாழ்ந்த தெருவுக்குத் திருமஞ்சன வீதி என்று பெயர். அங்கே மஞ்சள் விற்றார்களா?
— வாசகி, அய்யம்பேட்டை

மஞ்சள் இல்லை அம்மா, மஞ்சனம், நீராட்டு. சுவாமி அபிஷேகத்துக்குக் காவிரியிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுபோகிற வழி திருமஞ்சன வீதி. ஆறும் கோயிலும் இருக்கிற பல ஊர்களில் இந்தப் பெயரில் ஒரு தெரு இருக்கும், அதில் ஆற்றை நோக்கி நடந்தால் பெரும்பாலும் படித்துறையில் போய் முட்டும். அதேபோலக் கோயில் மதிலைச் சுற்றி மடவளாகம் என்று இருக்குமே, கல்வெட்டுகளில் அது திருமடைவிளாகம். மாயவரத்துக் கூறைநாடும் கேட்டிருக்கிறீர்கள், அது துணிக்கடைப் பொம்மைக்கே தெரியும், கூறைப்புடவை.

சத்திரம் இல்லாத ஊருக்கெல்லாம் சத்திரம் என்று பெயர் இருக்கிறதே?
— வாசகர், பட்டுக்கோட்டை

ஒரத்தநாட்டை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்றால், அங்கே சத்திரம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். இரண்டாம் சரபோஜி 1802-இல் முக்தாம்பாள் பெயரில் கட்டியது. மன்னர் மனதில் இடம்பிடித்து, சீக்கிரமே செத்துப்போனவள். முகப்பு அடித்தளத்தை ரதம் மாதிரி செய்து, அதை இழுக்கிற மாதிரி குதிரையும் யானையும் செதுக்கியிருப்பார்கள். முக்தாம்பாள் என்று உச்சரிக்க நம் நாக்குக்குச் சங்கடம், அதனால் முத்தம்மாள் சத்திரம் என்று ஆக்கி ஊர்க்காரி ஆக்கிக்கொண்டோம். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். ராமேஸ்வர யாத்திரை போகிறவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் கொடுத்த வரிசை இது. அரண்மனைப் பெண்கள் சிலரின் பெயர்கள் இந்தச் சத்திரங்களில்தான் நிலைத்திருக்கின்றன.

எங்கள் தெருப் பெயரை மாற்றப்போகிறார்களாம். மாற்றலாமா, கூடாதா?
— பெயர், ஊர் வேண்டாம்

எந்தப் பெயர் என்று சொல்லாமல் கேட்டிருக்கிறீர்கள், புரிகிறது. தெருப் பலகைகளிலிருந்து சாதிப் பெயரை எடுக்கச் சொல்லி 1970களின் கடைசியில் ஒரு முறையும் 2025-இல் மறுபடியும் அரசு ஆணை வந்தது. என்னைக் கேட்டால் எடுக்க வேண்டியதுதான். முகவரி எழுதிக் கொடுக்கும்போதே வேலைக்கு வந்த பையன் எந்தத் தெரு என்று பார்த்து முடிவெடுக்கிற வசதியை ஒரு பலகை செய்து கொடுக்கக்கூடாது. ஆனால் எடுக்கிறவர்கள் பழைய பெயரை நகராட்சியின் ஏதாவது ஒரு பேரேட்டில் தேதியோடு எழுதி வைத்துவிட்டு எடுக்கட்டும், நாளைக்குப் பத்திரம் தேடுகிறவனும் வரலாறு தேடுகிறவனும் திண்டாட வேண்டாம். கும்பலோடு கும்பலாகச் செக்கடி, சுண்ணாம்புக் காளவாய் போன்ற பெயர்களையும் துடைத்துவிட்டு ஒரே தலைவர் பெயரை மூன்று தெருவுக்கு வைப்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மாற்றினால் நிற்குமா என்பது தனி. 1991-இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானபோது அதற்கு நாகை காயிதே மில்லத் மாவட்டம் என்று பெயர், 1997-இல் எல்லா மாவட்டங்களிலும் தலைவர்கள் பெயரை எடுத்தபோது அதுவும் போனது. அந்த ஆறு வருஷத்து லெட்டர்ஹெட்டுகள் இன்னும் சில பீரோக்களில் இருக்கும். அதே நாகையில் நீலாயதாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி நீலா கீழ வீதி, நீலா தெற்கு வீதி. அம்மன் பெயரைச் செல்லமாகச் சுருக்கிக்கொண்டார்கள், அதை மாற்ற யாரும் ஆணை போடவில்லை.

பெயர் மாறாமலேயே அவஸ்தை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன மார்கழியில் கும்பகோணத்திலிருக்கும் அத்தைக்கு ஒரு கூரியர் அனுப்பினேன், அவசரத்தில் 'சன்னதித் தெரு, கும்பகோணம்' என்று மட்டும் எழுதிவிட்டேன். கோயில் ஊரில் எந்த சுவாமியின் சன்னதி என்று எழுதாதது என் தப்புதான். பையன் மூன்று சன்னதி சுற்றிவிட்டு, கடைசியில் பொட்டலத்தை ஒரு வெற்றிலைக் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், கடைக்காரர் உள்ளே இருந்த முறுக்கின் வாசனையை வைத்து இது இன்னார் வீட்டுக்குத்தான் என்று கண்டுபிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

நீங்கள் எந்தத் தெருவில் இருக்கிறீர்கள்?
— பல பேர்

புதுத் தெரு. எங்கள் வீட்டுத் திண்ணைத் தூண் தேக்கு, அதற்கு முட்டுக் கொடுத்தே நாற்பது வருஷமாகிறது.